எம்.ஜி.பி.க்கு பிரேக் பூஸ்டர்: வேலூர் பக்கம் யாராவது உதவுங்க

வணக்கம் மக்களே. 1967 எம்.ஜி.பி. (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வெச்சிருக்கேன். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்குற பூஸ்டர் கிடையாது. ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவும் இறங்குறதுக்குள்ள பெடல் மிதிச்சே தொடை கடுத்துடுது.

மாஸ்டர் சிலிண்டருக்கும் (பெடல் மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுற உருளை) வீல் லைனுக்கும் நடுவுல மாட்டுற ரிமோட் சர்வோ, அதாவது தனியா மாட்டுற பூஸ்டர், வாங்கியாச்சு. அதுக்கு வேண்டிய வாக்குவத்தை (உறிஞ்சுற இழுவை) இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுல இருந்து எடுக்கணும். எந்தச் சாய்வுல மாட்டினா உள்ள காத்து தங்காம பிளீட் ஆகும் (ஆயில்ல இருக்கிற காத்து முழுசா வெளியேறும்)? மாட்டினவங்க போட்டோ போட்டா புண்ணியமாப் போகும்.

இன்னொண்ணு, பைப் நட்டு எல்லாம் அங்குல மரை. கடையில கிடைக்கிற மில்லிமீட்டர் நட்டு ரெண்டு சுத்துல இறுகிடுது. பிரேக்ல அதை வெச்சு விளையாட முடியாது. காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இதுக்கு பைப் முனையை விரிச்சு ஃபிளேர் ஒழுங்கா அடிக்கிற ஆள் யாரு? மாருதி பூஸ்டரை வெட்டி ஒட்டச் சொல்ற அண்ணன்மாருக்கு ஒரு கும்பிடு, அது வேணாம்.