புதுப்பிப்பு: சர்வரில் மட்டும் என்வி மதிப்பு நல் (null, அதாவது வெற்று) என்று வந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. லாராவெல் என்ற PHP ஃபிரேம்வொர்க்கில் எழுதிய என் செயலியில், அமைப்பு மதிப்புகளை வைக்கும் டாட் என்வி (.env) கோப்பில் உள்ள பேமென்ட் கீ (கட்டணச் சேவைக்கான ரகசியக் குறியீடு) என் கணினியில் சரியாக வந்தது, சர்வரில் மட்டும் நல் என்று வந்தது. அதுதான் கேள்வி.

கோப்பு அனுமதி, மேற்கோள் குறி இரண்டையும் பார்த்தேன், அவை காரணம் இல்லை. கான்ஃபிக் கேஷை (அமைப்புகளின் சேமித்து வைத்த நகலை) பார்க்கச் சொன்ன நண்பர் சொன்னதே சரி. புதிய கோடை சர்வரில் ஏற்றும் எங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் கான்ஃபிக் கேஷ் கட்டளையை ஓட்டுகிறது. அது கான்ஃபிக் கோப்புகள் அனைத்தையும் பூட்ஸ்ட்ராப் ஃபோல்டருக்குள் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடும். அதன்பின் லாராவெல் டாட் என்வியைத் திறப்பதே இல்லை. நானோ கன்ட்ரோலரிலேயே (கோரிக்கைகளைக் கையாளும் கோடு) நேரடியாக என்வி ஃபங்ஷனை அழைத்திருந்தேன், அதனால்தான் நல் வந்தது.

கேஷை அழித்ததும் உடனே வேலை செய்தது. ஆனால் அடுத்த டிப்ளாயில் மறுபடி போய்விடும். அதனால் என்வி அழைப்பை சர்வீசஸ் கான்ஃபிக் கோப்புக்கு மாற்றி, கன்ட்ரோலரில் கான்ஃபிக் ஃபங்ஷன் வழியாக எடுத்தேன். கேஷ் இருந்தும் இப்போது மதிப்பு வருகிறது.

எதிர்பாராத ஒன்று: இணையப் பக்கம் சரியான பிறகும் க்யூ வேலைகள் (பின்னணியில் வரிசையாக ஓடுபவை) தோற்றுக்கொண்டே இருந்தன. அவற்றை ஓட்டும் க்யூ வொர்க்கர் பழைய கோடையும் கான்ஃபிக்கையும் நினைவகத்திலேயே வைத்திருந்தது. க்யூ ரீஸ்டார்ட் கட்டளை கொடுத்த அப்புறம்தான் அதுவும் சரியானது. அந்தக் கட்டளையையும் டிப்ளாய் ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டேன்.