பனிச்சறுக்கு விபத்துக்கும் பொருந்தும் பயணக் காப்புறுதி தேவை

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் நாங்கள், சுவிற்சர்லாந்தின் பேர்ணில் இருக்கும் என் தம்பி குடும்பத்துடன் வரும் பெப்ரவரியில் கிரிண்டல்வால்ட் மலைக்கிராமத்துக்குச் செல்ல இருக்கிறோம். அங்கே என் மகளும் (வயது 19) நானும் (வயது 52) பயிற்சியாளரிடம் பனிச்சறுக்குக் கற்கப் போகிறோம்.

அங்கு செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். அதைப் பெறுவது கடினமல்ல. ஆனால் எங்களுக்குக் கிடைத்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் பனி விளையாட்டுக் காயங்கள் விலக்கப்பட்டுள்ளன. சரிவில் கால் முறிந்தால் ஹெலிகொப்டரில் ஏற்றி இறக்கும் செலவு, அறுவைச் சிகிச்சை, நாடு திரும்பும் செலவு யாவும் எங்கள் தலையில் விழும் என்பதே என் பெருங்கவலை.

நகரிலுள்ள முகவர்களிடம் நேரில் கேட்டேன். கொழும்புத் தலைமை அலுவலகங்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். ஒன்று "சாகச விளையாட்டு" என மறுத்தது. மற்றொன்று மேலதிகக் கட்டணத்துடன் தருவதாக வாயால் சொல்லிவிட்டு, எழுத்தில் தர மறுத்தது. எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பி மகளை மலையேற்ற எனக்கு மனம் வரவில்லை. தம்பியின் காப்புறுதி எங்களைச் சேர்க்காது. ரேகா (Rega) என்னும் சுவிஸ் வான்வழி மீட்புச் சேவைக்குப் பணம் செலுத்தி அதன் ஆதரவாளராகலாம் என்று தம்பி சொன்னார். ஆயினும் அது காப்புறுதி அன்று.

நீல நிறக் குறியிட்ட எளிய பாதைகளை விட்டு நாங்கள் விலக மாட்டோம். விசா விண்ணப்பத்தை நவம்பர் இறுதிக்குள் கையளிக்க வேண்டும்.

இலங்கையில் வதிவோருக்கு, குறியிட்ட பாதைகளில் நேரும் பனிச்சறுக்குக் காயத்தையும் மலை மீட்பையும் எழுத்திலேயே ஏற்கும் காப்புறுதியை உங்களில் எவரேனும் எந்த நிறுவனத்திடம் பெற்றிருக்கிறீர்கள்?