க்ரீட் 2 பார்ப்பதற்கு முன் ராக்கி 4 பார்த்தே ஆகணுமா?

புளியரைக்காரன்:
ஆரியங்காவில் இருக்கும் என் சித்தி பையன் லீவுக்கு வந்திருந்தான். 2018-ல் வந்த குத்துச்சண்டைப் படம் க்ரீட் 2-ஐ ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். கடைசிச் சண்டையில் அந்த ரஷ்யக்கார அப்பா சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டைத் தூக்கி ரிங்குக்குள் போட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவனோ, "அண்ணே, இவன் வில்லன்தானே, இவனுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்பு?" என்கிறான். இதற்கு முன்கதையான, 1985-ல் வந்த ராக்கி 4-ஐ அவன் பார்த்ததில்லை. பழசு தெரியாமல் இந்தப் படம் நிற்காதா, இல்லை நான்தான் பழைய பாசத்தில் பார்க்கிறேனா?

கொழிஞ்சாம்பாறை:
படம் நிற்கும் தம்பி, அந்தக் காட்சிதான் நிற்காது. ராக்கி 4-ல், க்ரீட் 2 நாயகன் அடோனிஸின் அப்பாவான அப்பல்லோ க்ரீட், ரஷ்ய வீரன் ட்ராகோவிடம் அடி வாங்கும்போது துண்டு ராக்கி கையில்தான் இருக்கிறது. என்ன ஆனாலும் சண்டையை நிறுத்தாதே என்று அப்பல்லோ சொல்லிவிட்டதால் ராக்கி தயங்குகிறார், அந்தத் தயக்கத்தில் நண்பனின் உயிரே போய்விடுகிறது. ஒருவன் சாவதை முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்த அதே ட்ராகோ, க்ரீட் 2-ல் மாஸ்கோவில் மகன் விக்டருக்குத் துணையாக ரிங் ஓரத்தில் நிற்கிறான். தோற்கத் தொடங்கியதும் விக்டரின் அம்மா பாதியில் எழுந்து போய்விடுகிறாள், பையன் அந்தக் காலி இருக்கையைப் பார்க்கிறான், அப்புறமும் விழ மாட்டேன் என்று அடி வாங்குகிறான். அப்போதுதான் துண்டு வருகிறது. ராக்கி செய்யத் தவறியதை ட்ராகோ செய்கிறான், அதைச் சொல்ல ஒரு வசனம்கூட இல்லை.

நான் காலேஜில் குத்துச்சண்டை பழகியவன். பாலக்காட்டில் ஒரு போட்டியில் என் மாஸ்டர் இப்படித்தான் துண்டைப் போட்டார். ஒரு வருஷம் அவரிடம் பேசவில்லை. எனக்கு மகன் பிறந்த பிறகுதான் அவர் பக்கம் புரிந்தது.

களியக்காவிளை:
கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பாதி எனக்கு ஒட்டவில்லை. தோற்று, அடிபட்டு, மனசு உடைந்து, திரும்பப் பயிற்சிக்குப் போவதெல்லாம் ராக்கி 3-லேயே பார்த்தது. அங்கே கடற்கரை, இங்கே பாலைவனம், அவ்வளவுதான் மாற்றம். 2015-ல் ரையன் கூக்லர் எடுத்த முதல் க்ரீட்டில் ஒரு முழுச் சண்டையை வெட்டே தெரியாமல் ஒரே ஷாட்டாகக் காட்டியிருப்பார், அந்தத் துணிச்சல் இதில் இல்லை. ஆனால் ஜெயித்த பிறகு அடோனிஸ் கூப்பிட்டும் அவன் பயிற்சியாளரான ராக்கி ரிங்குக்குள் போகாமல், இது உன் நேரம் என்று சொல்லிவிட்டு வெளியே தனியாக நாற்காலியில் உட்காருகிறாரே, முதுகில் க்ரீட் என்று எழுதிய சட்டையோடு, அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். தம்பிக்கு ராக்கி 4 முழுசாகப் போட்டுக் காட்டுங்கள், அப்பல்லோ சண்டையை மட்டும் காட்டினால் போதாது. கடைசியில் ட்ராகோவின் சொந்த ஊர்க் கூட்டமே ராக்கிக்குக் கை தட்டுவதைப் பார்த்தால்தான் அவன் எதை இழந்தான் என்று தெரியும்.

புளியரைக்காரன்:
நன்றி அண்ணே, நன்றி களியக்காவிளை. நேற்றே முழுசாகப் போட்டேன். அப்பல்லோ விழுந்ததும் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். படம் முடிந்ததும் க்ரீட் 2-ன் கடைசிச் சண்டையை அவனே மறுபடி போடச் சொன்னான்.