புதுப்பிப்பு: கேம் ராயல்டி பாக்கி வந்துவிட்டது

ராயல்டி பாக்கியை எப்படி வசூலிப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நாகர்கோவிலில் எங்கள் சின்ன நிறுவனம் செய்த மொபைல் கேமுக்கு, அதை வெளியிட்ட வெளியூர் நிறுவனம் (பப்ளிஷர்) ராயல்டியை, அதாவது வருமானத்தில் எங்கள் பங்கை, தராமல் இழுத்தடித்தார்கள். விளம்பரச் செலவு போக மிச்சமே இல்லை என்று கணக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தப்படியோ ஆப் ஸ்டோர் கமிஷனையும் வரியையும் மட்டும்தான் கழிக்கலாம்.

பலித்தது தக்கலை ஆடிட்டர் அக்கா சொன்ன வழிதான்: நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள் என்றார். அதில் ராயல்டிக்கான 194ஜே பிரிவில் பப்ளிஷர் 10% டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடித்த பதிவு இருந்தது. பணம் தராவிட்டாலும், தங்கள் கணக்கில் நம் பெயரில் வரவு வைத்தாலே டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். ஆக, தர வேண்டிய தொகையை அவர்கள் புத்தகமே ஒப்புக்கொண்டிருந்தது!

அந்தப் பக்கத்தை இணைத்து நோட்டீஸ் அனுப்பினோம். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி பாக்கி 45 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. இத்தகைய பாக்கிக்குப் புகார் தரும் அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் போடுவோம் என்றும் எழுதினோம். ஒப்பந்தத்துக்கு முன்பே எங்களுக்கு உத்யம் பதிவு (சிறு நிறுவனம் என்ற அரசுப் பதிவு) இருந்ததால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அசல் வந்துவிட்டது, வட்டி இன்னும் பேச்சில் இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: கடைசி நேரத்தில், நாங்கள் ஜிஎஸ்டி இன்வாய்ஸ் (வரி பில்) தரவில்லை என்று பணத்தை நிறுத்தி வைத்தார்கள். நீங்கள் அந்த இன்வாய்ஸையும் நோட்டீஸோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.