பாபிலியோ அமரில்லிஸ் க்ராஸ் பண்றது பத்தி

கேள்வி:
ஹிப்பியாஸ்ட்ரம் பாபிலியோ (அமரில்லிஸ்னு சொல்ற பல்ப் பூச்செடி) தொட்டியில மொட்டு விட்டிருக்குங்க, பக்கத்துலயே பெரிய சிவப்பு டச்சு ஹைப்ரிடும் பூக்கப் போகுது, ரெண்டையும் க்ராஸ் பண்ணா விதை பிடிக்குமா? பூ முடிஞ்சதும் தண்ணிய நிறுத்தணுமா?

பதில்:
தண்ணிய நிறுத்திடாதீங்க! பாபிலியோ தெற்கு பிரேசில் அட்லாண்டிக் காட்டுல மரத்து மேல ஒட்டி வளர்ற வகை, வருஷம் பூரா இலை இருக்கும். மரப்பட்டை, பெர்லைட் (லேசான வெள்ளைத் துகள்) நிறைய கலந்து பல்ப் கழுத்து வெளிய தெரியற மாதிரி வைங்க.

பதில்:
பாபிலியோவுக்கு 22 குரோமோசோம், பெரிய டச்சு வகைங்களுக்கு பெரும்பாலும் 44. விதை பிடிச்சாலும் வர்ற செடி ட்ரிப்ளாய்டா (மூணு செட் குரோமோசோம் உள்ளதா) இருக்கும், அதுல இருந்து அடுத்த தலைமுறை எடுக்கறது ரொம்ப கஷ்டம், அதனால 22 உள்ள இன்னொரு ஸ்பீஷீஸோட சேருங்கன்னுதான் நான் சொல்வேன். அம்மா செடியோட மகரந்தப்பை வெடிக்கறதுக்கு முன்னாடியே கிள்ளிடுங்க, சூல்முடி (மகரந்தத்த ஏத்துக்கற நுனி) மூணா விரிஞ்சதும் அப்பா செடி மகரந்தத்த தடவுங்க. காய் மஞ்சளாகி வெடிச்சதும் கருப்பா காகிதம் மாதிரி விதை வரும், பழசாக விடாம உடனே போடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. விதையில இருந்து பூக்க எத்தனை வருஷம் ஆகும்?

பதில்:
3 வருஷமாவது ஆகும், சிலது இன்னும் லேட்டாகும். சின்ன செடிய காயவே விடாதீங்க. லேபிள்ல அம்மா செடி பேர முதல்ல எழுதுங்க.