தூங்கும் அழகி பாலே: மாமியாரை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

தண்டையார்பேட்டை டீச்சர்:

வணக்கம். வீட்டு மொட்டை மாடியில் ஆறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு பாலே சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது 24 பேர், அதில் மூன்றே மூன்று பையன்கள். பாதிப் பேர் காசிமேட்டுப் பிள்ளைகள். பிடித்துக்கொண்டு பழகும் கம்பி, பிளம்பர் அண்ணன் சுவரில் அடித்துக் கொடுத்த தண்ணீர்க் குழாய். நுனிக்காலில் நிற்கிற கட்டை ஷூ யாருக்கும் கிடையாது. பெரியவர்களுக்குத் துணி ஷூ, சின்னதுகளுக்கு வெறுங்கால்.

இதுவரை தனித்தனி ஆட்டமாகத்தான் போட்டிருக்கிறோம். வருகிற மே மாதம் கல்யாண மண்டபத்தில் முதல் தடவையாக ஒரு முழுக்கதை. ஏன் மே என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் அந்த 61 நாளும் கரையில் இருப்பார்கள். போன தடவை டிசம்பரில் வைத்தேன், நாலு அப்பாக்கள் வந்தார்கள்.

கதை தூங்கும் அழகி, அதாவது ஸ்லீப்பிங் பியூட்டி. பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. அரண்மனை விழாவுக்கு அழைக்காத தேவதை கராபோஸ் கோபத்தில் வந்து, "நூற்கும் கதிர் குத்தி இளவரசி சாவாள்" என்று சபிக்கிறாள். லைலாக் தேவதை அந்தச் சாவை நூறு வருஷத் தூக்கமாக மாற்றுகிறாள். இதுவரை பிரச்சினை இல்லை.

பிரச்சினை ஒன்று, நீளம். முழு பாலே இடைவேளையோடு மூன்று மணி நேரம் பிடிக்கும். எனக்கு 50 நிமிஷத்துக்கு மேல் தாங்காது. சின்னதுகளுக்கு நடுவில் பாத்ரூம் வந்துவிடும்.

இரண்டு, சைகை. சாபம் கொடுக்கிற இடத்தில் கராபோஸ் இரண்டு முஷ்டியையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் கீழே இறக்குவாள். பாலே பாஷையில் அது சாவு. ஒத்திகை நடக்கும்போது காபி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்த என் மாமியார் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பொண்ணைப் போலீஸ் புடிச்சிட்டுப் போவுதா?" என்றார். தப்பே இல்லை, விலங்கு மாட்டிய கை மாதிரிதான் இருக்கிறது.

மூன்று, தூக்கத்திலிருந்து எழுப்புவது. சின்னப் பிள்ளைகள், அதனால் இளவரசன் முத்தமிட்டு எழுப்புவதாக வைக்கப்போவதில்லை. அப்படியென்றால் எதனால் விழித்தாள் என்று எப்படிக் காட்டுவது?

நாலாவதுதான் பெரிய தலைவலி. பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட மூலக்கதையில் கல்யாணத்துக்கு அப்புறமும் பாதிக் கதை இருக்கிறது. இளவரசனின் அம்மா மனிதரைத் தின்கிற அரக்கி. பேரப்பிள்ளைகளையும் மருமகளையும் சமைத்துத் தரச் சொல்கிறாள். சமையல்காரன் அவர்களை ஒளித்து வைத்துவிட்டு ஆட்டுக்குட்டிக் கறியையும் மான் கறியையும் போட்டு ஏமாற்றுகிறான். பாலேயில் இது எதுவும் இல்லை. வாய் தவறிப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். இப்போது எல்லாருக்கும் மாமியார்தான் வேண்டுமாம். ஒரு பதிமூன்று வயதுப் பெண் ஏற்கெனவே பல்லைக் கடித்துக்கொண்டு பழகுகிறாள். வைக்கலாமா, விடலாமா? (என் மாமியாரைப் பற்றிக் கேட்கவில்லை.)

கல்மண்டபம் ஒலி ஒளி:

டீச்சர், கட்டியக்காரன் ஒருத்தனை விட்டால் எல்லாம் முடிந்தது. கூத்தில் யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று அவன்தானே சொல்கிறான். நடுநடுவே நாலு சிரிப்பு. எதற்கு மணிக்கட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?

இன்னொன்று. கராபோஸ் எதில் வருகிறாள்? எலி இழுக்கிற வண்டியில் வருவாள் என்று வீடியோவில் பார்த்தேன். நம்ம ஊரில் மீன்பாடி வண்டி இருக்கும்போது எலி எதற்கு? மண்டபத்து வாசலிலிருந்து நடுவழியாக உள்ளே விடுங்கள். மேலே புகை, பின்னால் சிவப்பு லைட். கைதட்டல் காசிமேடு வரைக்கும் கேட்கும்.

பெரம்பூர் சலங்கை:

டீச்சர், நான் பரதம் சொல்லிக்கொடுப்பவள். பாலே பார்த்துப் பழக்கம், ஆடிப் பழக்கமில்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டியக்காரன் வேண்டாம் என்பது என் கட்சி. கல்மண்டபம் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. வாயால் சொல்ல ஒருத்தன் வந்துவிட்டால் பிள்ளைகளின் உடம்பு சோம்பேறியாகிவிடும். "அவர்தான் சொல்லிட்டாரே" என்று கையைத் தொங்கப் போட்டு நிற்பார்கள். என் வகுப்பில் பின்னணிக் குரல் வைத்த வருஷம் இதுதான் நடந்தது.

சாபத்தைச் சொல்லிக் காட்டாமல் செய்து காட்டச் சொல்லுங்கள். கராபோஸ் கையில் ஒரு துணிப் பொம்மையைக் கொடுங்கள். அதன் விரலில் ஊசியைக் குத்துகிறாள், பொம்மையைத் தரையில் போடுகிறாள். முடிந்தது. லைலாக் தேவதை வந்து அதே பொம்மையை எடுத்து மடியில் படுக்க வைத்துத் தட்டிக்கொடுக்கிறாள். சாவு தூக்கமாக மாறிவிட்டது என்று உங்கள் மாமியாருக்குப் புரியும்.

அவள் கோபத்துக்கு விளக்கமே தேவையில்லை. விருந்தாளிப் பட்டியல் வைத்திருக்கும் அரண்மனை அதிகாரி இவள் பெயரை விட்டுவிடுகிறான், இவள் வந்து அவன் தலைமுடியைப் பிடுங்குகிறாள். பாலேயில் இருக்கிற காட்சிதான். காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்காத அத்தை மண்டபத்துக்கே வந்து நின்றால் என்ன ஆகும் என்று நம் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று ஆடுங்கள். 1890-இல் பீட்டர்ஸ்பர்க்கின் மரியின்ஸ்கி அரங்கில் முதன்முதலாகப் போட்டபோது கராபோஸாக வந்தது என்ரிகோ செக்கெட்டி என்ற ஆண். அதே நிகழ்ச்சியில் கல்யாணக் காட்சியில் வருகிற நீலப்பறவையாகவும் பறந்தவர் அவர்தான். அதனால் உங்கள் பையன்களில் ஒருவருக்குக் கொடுத்தாலும் மரபு மீறல் இல்லை.

முத்தம்: அது கிரிம் சகோதரர்கள் கதையில் வருவது. பெரோ கதையில் முத்தமே கிடையாது. நூறு வருஷம் முடிகிற நேரம் பார்த்து இளவரசன் வந்து பக்கத்தில் மண்டியிடுகிறான், அவள் தானாக விழிக்கிறாள். அதனால் எழுப்புவது இளவரசன் இல்லை, காலம். காலம் முடிந்ததைக் காட்ட வழி தேடுங்கள்.

இப்போது மாமியார். பாலேயில் மாமியார் கிடையாது என்று நடன அமைப்பாளர் பாலன்சைன் சொல்வதுண்டு. அம்மா, மகன், காதலி என்றால் ஆடிக் காட்டலாம், இவள் அவனுக்கு அம்மா, ஆகவே இவளுக்கு மாமியார் என்பதை ஆடிக் காட்ட முடியாது என்பது அதன் பொருள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அபிநய நூலான அபிநய தர்ப்பணத்தில் உறவு முத்திரைகள் என்றே ஒரு வரிசை உண்டு. மாமியார், மாமனார், நாத்தனார், மருமகள், சக்களத்தி வரைக்கும் தனித்தனிக் கை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கையைப் பிடித்தால் சபையில் பத்துப் பேருக்குப் புரிந்தால் அதிகம். பதம் பாடுகிறவர் "மாமி" என்று வாய்விட்டுப் பாடுவதால்தான் நாங்கள் தப்பிக்கிறோம். உங்களுக்குப் பாட்டு வரியும் இல்லை.

வெட்டுவதற்குப் பெரியவர்களே பயப்படவில்லை. சிண்ட்ரெல்லாவை நடன அமைப்பாளர் ஃபிரெடெரிக் ஆஷ்டன் 1948-இல் லண்டனில் போட்டபோது சித்தி பாத்திரத்தையே தூக்கிவிட்டார். அவளுடைய இரண்டு பெண்களும் மட்டும் இருந்தார்கள், அந்த வேஷத்தையும் ஆண்கள் போட்டார்கள், அதில் ஒருவர் ஆஷ்டனே. கொடுமை அந்த இருவர் உடம்பிலேயே வந்துவிட்டது, சித்தி தேவைப்படவில்லை.

அதனால் விடுங்கள். அரக்கியின் பசி ஆடுவதற்கு அருமையான விஷயம்தான், ஆனால் அது வேறு கதை. கல்யாணத்துக்கு அப்புறம் தொடங்குகிற கதையை 50 நிமிஷத்தின் வாலில் கட்டினால் இரண்டும் கெடும். அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி கையுறை:

டான்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது, தரை பற்றிச் சொல்கிறேன். பசங்களுக்கு பாக்ஸிங் கற்றுத்தருகிறேன். கல்யாண மண்டபத்து மேடை என்றால் டைல்ஸ் இருக்கும், அடியில் வெறும் கான்கிரீட். அதில் மாதக்கணக்கில் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். எங்கள் ரப்பர் மேட் கேட்டால் தருவேன், ஆனால் அதில் சுற்றாதீர்கள் அக்கா. கால் மேட்டில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முட்டி போய்விடும். குதிக்கிற ஒத்திகைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.

கல்மண்டபம் ஒலி ஒளி:

சலங்கை அக்கா சொன்னால் சரி, கட்டியக்காரனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீன்பாடி வண்டியை வாங்க மாட்டேன்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஒத்திகை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பொம்மை வேலை செய்கிறது. மாமியாரை உட்கார வைத்துக் காட்டினேன். பொம்மை விழுந்ததும் "அடிப்பாவி" என்றார். அதற்கு மேல் பரீட்சை வைக்கவில்லை.

கதிரைத்தான் மாற்றிவிட்டேன். எங்கள் தலைமுறைக்காவது பள்ளிக்கூடத்தில் நூல் நூற்கிற தக்ளி தெரியும், இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. அதனால் வலை பின்னுகிற ஊசி. துறைமுகத்துப் பக்கம் போனால் யாராவது ஒருவர் கையில் அது இருக்கும். பாலேயிலேயே முதல் அங்கத் தொடக்கத்தில், சாபத்துக்குப் பயந்து ராஜா போட்ட தடையை மீறி ஊசியோடு பின்னிக்கொண்டிருக்கிற பெண்களைப் பிடிக்கிற காட்சி உண்டு. அதை அப்படியே வலை பின்னுகிறவர்களாக்கிவிட்டேன். தடைக்காலத்தில் வலை பின்னுவதற்கும் தடை என்று ராஜா சொல்வதாக அப்பாக்கள் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

நூறு வருஷத்துக்கும் வலைதான். பன்னிரண்டு பிள்ளைகள் பழைய பச்சை வலையின் ஓரத்தைப் பிடித்து, மேடையின் இரண்டு பக்கமிருந்தும் முட்டியளவு, இடுப்பளவு, தலைக்கு மேல் என்று மெல்ல உயர்த்துகிறார்கள். பின்னால் இளவரசி அரோரா மங்கலாகத் தெரிகிறாள். இளவரசன் மண்டியிட்டதும் வலை தானாகச் சரிகிறது. இதற்கு, இந்த பாலேக்கு இசையமைத்த சைக்கோவ்ஸ்கியின் இசையில் நாலு நிமிஷம் ஒதுக்கியிருக்கிறேன். 50 நிமிஷத்தில் இது ஊதாரித்தனம்தான். ஆனால் மாடியில் முதல் தடவை வலை தலைக்கு மேல் போனபோது, கால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த ஆறு வயசுக் கூட்டம் அசையாமல் நின்றது. அதனால் வெட்ட மனசில்லை. அதற்குப் பதிலாகக் கல்யாண விருந்தில் வருகிற பூனைகளையும் ஓநாயையும் ஒன்றரை நிமிஷத்தில் அடைத்துவிட்டேன்.

மாமியார் போயாச்சு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கே போய், கராபோஸ் உனக்குத்தான், வண்டியில் வரலாம் என்றேன். "மீன்பாடி வண்டியா டீச்சர்? நிஜ வண்டியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதிகாரியின் டோப்பாவை ஒத்திகையிலேயே ஒன்று கிழித்துவிட்டாள்.

மீதி இரண்டு விஷயம். வலையை மூன்று தடவை சோப்புத்தூளில் ஊற வைத்துத் துவைத்துவிட்டேன், உதறினால் இன்னும் செதில் விழுகிறது. லைலாக் தேவதை தும்முகிறாள். வாடை போக யாருக்காவது கைமருந்து தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம் கல்மண்டபம் தம்பி, மண்டபத்துக் கதவை நாடா வைத்து அளந்தேன், இரண்டு பக்கமும் திறந்தால் நாலரை அடி. உங்கள் வண்டி எத்தனை அடி அகலம்?