துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினால் குண்டு கீழே விழுகிறது, எதை வாங்கலாம்?

அம்பைக்காரன்:
நியூசிலாந்து தெற்குத் தீவில் பால்பண்ணை வேலை. இப்போது லீவில் அம்பாசமுத்திரம் வந்திருக்கிறேன். நியூசிலாந்தில் மான் வேட்டைக்கு .308 ரைபிள் (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்), பேரல் என்கிற குழல் 22 அங்குலம். காதைக் காப்பாற்றச் சைலன்சர் வாங்கும் எண்ணத்தில் நண்பனுடையதை மாட்டிச் சுட்டேன். 100 மீட்டரில் நாலு விரற்கடை கீழே விழுகிறது. கழற்றினால் பழையபடி சரி. சைலன்சர் கோளாறா?

பாளை அண்ணாச்சி:
ராணுவத்தில் துப்பாக்கிப் பழுது பார்த்தவன் சொல்கிறேன் தம்பி, அது கோளாறே இல்லை. சுடும்போது பேரல் அதிரும். முனையில் எடை தொங்கினால் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். மூன்று குண்டும் நெருக்கமாக விழுந்ததா, அதைச் சொல். நெருக்கம் என்றால் சைலன்சரோடேயே ஸ்கோப்பைத் திருத்திக்கொள், அப்புறம் கழற்றாதே. சிதறினால்தான் கவலை. மரை தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கோணலாக உட்கார்ந்திருக்கும். கோணல் என்றால் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டில் குண்டு உரசி, சைலன்சரே பிய்ந்துவிடும். புதிதாக மாட்டினால் சுடும் முன் தோட்டாவையும், பேரலைப் பின்னால் அடைக்கும் போல்ட்டையும் எடுத்துவிட்டு, பேரல் வழியாக நேரான அளவுக்கம்பி விட்டுப் பார். சைலன்சரின் துளைக்கு நட்டநடுவில் வர வேண்டும்.

அம்பைக்காரன்:
நெருக்கம்தான் அண்ணாச்சி. கடையில் எல்லாரும் டெசிபல் கணக்குச் சொல்லியே விற்கிறார்கள்.

தென்காசி டு கேன்டர்பரி:
டெசிபலை விடுங்க. .308 வெறும் பேரலில் 160ஐத் தாண்டும். சைலன்சர் 25, 30 குறைக்கும். காதுக்கு ஆபத்து என்கிற 140ஐ ஒட்டித்தான் வந்து நிற்கும். குண்டு ஒலியை முந்திப் போவதால் வரும் 'படீர்' அப்படியேதான் இருக்கும். சினிமா 'புஸ்' எல்லாம் கதை.

மலையேறி அலைபவனுக்கு நீளமும் எடையும்தான் வினை. 22 அங்குலத்துக்கு முன்னால் இன்னொரு சாண் நீண்டால் புதரெல்லாம் இடிக்கும். பேரல் மேலேயே பின்பக்கம் உறை மாதிரி ஏறும் வகை இருக்கிறது, நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பேரல் தடிமன் உள்ளே நுழையணும், அளந்துவிட்டு வாங்குங்க. பேரல் முனையின் மரை அளவும் முக்கியம், 14×1ஆ (மில்லிமீட்டர் கணக்கு), 5/8×24ஆ (அங்குலக் கணக்கு) என்று பார்க்கணும். உங்க .308க்கு .30 அளவுச் சைலன்சர் வாங்கினால் நாளைக்குச் சின்னக் குண்டுள்ள .243 ரைபிளுக்கும் ஆகும். .243 சைலன்சரை .308இல் ஒருநாளும் போடக்கூடாது. அண்ணாச்சி கழற்றாதே என்றது குறிக்காக. வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காயவைக்கணும், உள்ளே ஈரம் நின்று பேரல் முனை துருப்பிடிக்கும்.

அம்பைக்காரன்:
சரி, உறை வகையே பார்க்கிறேன். இன்னொன்று. மாமாவுக்கு மணிமுத்தாறு பக்கம், காட்டை ஒட்டி வாழைத்தோட்டம். பன்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கிழங்கைத் தோண்டிச் சாய்த்துவிடுகிறது. "அந்தக் குழாய் ஒண்ணு கொண்டாயேன் மருமவனே" என்கிறார்.

பாளை அண்ணாச்சி:
அந்த எண்ணமே வேண்டாம். துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவி இங்கே தடைசெய்யப்பட்ட வகை. ஏர்போர்ட்டிலேயே கம்பி எண்ண ஆரம்பிப்பாய். பன்றியை அவராகச் சுட்டாலும் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3க்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். மாமா தோட்டத்தில் துப்பாக்கிப் பேச்சுக்கே இடமில்லை. வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிடமும் சேத மனு கொடுக்கச் சொல். சாய்ந்த வாழையை அள்ளும் முன் போட்டோ எடுத்து வைக்கட்டும்.

அம்பைக்காரன்:
மாமா காலையிலேயே பாதியை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டார். மீதியை இப்போதே போய் எடுக்கிறேன்.